ஆறு மேல, சந்தனம் அதுக்கு மேல

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மத்தியானம் ஒரு போர் நடத்தி ஜெயிக்கணும். அப்புறம் குளிச்சுட்டுச் சாப்பிடணும்.

போர்னதும் பயந்துடாதீங்க. சாப்பாட்டு மேஜையில நடக்கிற போர்தான். விரல் உயரத்துக்குச் சின்னச் சின்னப் பொம்மைங்க. பூதம், குள்ளர், எலும்புக்கூடு, எருமைத்தலை அரக்கன்னு ஆளுக்கு ஒரு படை. அதுக்கு நாமளே உக்காந்து பெயிண்ட் அடிக்கணும். டேப் வச்சு அளந்து அளந்து நகர்த்தணும். எதிரி கிட்ட வந்ததும் பகடை உருட்டணும், நாங்க டைஸ்னு சொல்லுவோம். பெரிய நம்பர் விழுந்தா எதிரி சாவான். ஒண்ணு விழுந்தா உங்க ஆளு கோடாரியைத் தூக்கிட்டுச் சும்மா நிப்பான்.

தொண்ணூறுகள்ல பினாங்குத் தமிழருங்கள்ல இதை விளையாடினது எனக்குத் தெரிஞ்சு ரெண்டே பேரு.

ஒண்ணு நான். இன்சூரன்ஸ் கம்பெனியில கிளார்க். கல்யாண வயசு. கொம்தார் கட்டடத்துல ஒரு கடையில பொம்மைப் பெட்டி வாங்கிட்டு, "ஆபீஸ் சாமான்"னு சொல்லி வீட்டுக்குள்ள கொண்டு போற தைரியசாலி.

இன்னொருத்தன் குணா. வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாம்ல. வேலை ஜுருவுல, பழைய கார் விக்கிறது. குணாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசினா, நீங்க வந்த காரையே உங்களுக்குத் திருப்பி வித்துடுவான்.

குணாவோட குள்ளர் படை பூரா மெட்டாலிக் மெரூன். அவன் கடைக்குப் பக்கத்து வொர்க்‌ஷாப்ல யாரோ காருக்கு அடிச்சு மீந்த பெயிண்ட். வரிசையா நிக்க வச்சு ஒரே ஸ்ப்ரே! முழுப் படையும் ரெடி. தாடி, மூக்கு, செருப்பு எல்லாம் ஒரே கலரு.

நான் அப்படி இல்ல. என் படைத் தலைவன், அந்த எருமைத்தலையன், ஒருத்தனுக்கு மட்டும் மூணு மாசம் பெயிண்ட் அடிச்சேன். பூதக்கண்ணாடி வச்சுக் கண்ணுக்குள்ள சிவப்பு நரம்பு வரைஞ்சேன். கொம்புல கீறல் போட்டேன். பெத்த பிள்ளையா இருந்தாக்கூட அவ்வளவு நேரம் உத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனா சண்டைன்னு வந்தா ஜெயிக்கிறது அந்த மெரூன் கும்பல்தான். ஒவ்வொரு தடவையும்! என் வியூகம் எல்லாம் பிரமாதமா இருக்கும். டைஸ்தான் விழாது. வியூகத்துல கோளாறுன்னு குணா சொல்லுவான், நம்பாதீங்க.

அதுக்கு முந்தின வாரம் ரோட்டோர ஒட்டுக்கடையில கொப்பி, அதான் காப்பி, குடிச்சுக்கிட்டு இருந்தோம். குணா ஆரம்பிச்சான்.

"செல்வா, அந்த எருமைத்தலையனை எனக்குக் குடுத்துடு லா. சும்மா உங்கிட்ட இருந்து தோத்துக்கிட்டே இருக்கு, பாவம்."

"உனக்கு எதுக்குடா?"

"ஷோரூம்ல என் மேஜை மேல வைப்பேன். காடி வாங்க வர்றவங்க அதைப் பார்த்துப் பயந்து சீக்கிரம் சைன் போடுவாங்க."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. மூணு மாசம் கண்ணைக் கெடுத்துக்கிட்டு வரைஞ்ச நரம்பு, பழைய கார் கடையில பேப்பர் பறக்காம இருக்க வைக்கிற கல்லா ஆகணுமா?

"வாடா! அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டுல. தோத்தவன் தலைவனைக் குடுத்துடணும்!"ன்னு சொல்லிட்டேன்.

அவன் உடனே கையை நீட்டிட்டான். கார் விக்கிறவனுக்குக் கை எப்பவும் தயாரா இருக்கும்.

நானும் சும்மா விடல. ஒரு கண்டிஷன் போட்டேன். "ஆளுக்கு அவங்கவங்க டைஸ். உன் டைஸை நான் தொட மாட்டேன், என் டைஸை நீ தொடக்கூடாது. கார் மீட்டரைக் குறைச்சுத் திருப்பி வைக்கிறவனோட டைஸை எப்படி நம்புறது?"

"ஓகே லா, உன் இஷ்டம்"னு சிரிச்சான். இந்தக் கண்டிஷனைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க. நான் வச்சுக்கல.

அந்தச் சனிக்கிழமை சரஸ்வதி பூஜை.

டத்தோ கெராமாட் ரோட்டுக்குப் பின்னால மாடி வீடு எங்களுது. எங்க அம்மா அரசாங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட். பூஜைன்னா வீட்டுல இருக்கிற எழுத்தும் ஆயுதமும் மொத்தமா சாமி முன்னால போயிடணும். அம்மாவோட டைப்ரைட்டர், துணி வெட்டுற கத்தரிக்கோல், அப்பாவோட கார் சாவி, காய் நறுக்குற கத்தி, அன்னைக்கு வந்த பேப்பர்கூடப் போயிடுச்சு. அப்பா அதுல தலைப்பைக்கூட முழுசா படிக்கல.

காலையில நான் பூஜை அறை வாசல்ல நின்னு அதைப் பார்த்தேன். அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு.

எல்லாரும் சாமிகிட்ட ஆசீர்வாதம் வாங்குறாங்க. என் டைஸ் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

போனேன். என் எருமைத்தலையன், டைஸ், அளக்குற டேப், ரூல் புத்தகம் எல்லாத்தையும் ஒரு தட்டுல எடுத்துட்டு வந்தேன். சும்மா கொட்டல. ஒவ்வொரு டைஸையும் எடுத்து, ஆறு மேல வர்ற மாதிரித் திருப்பித் திருப்பி வரிசையா அடுக்கினேன். சரஸ்வதிக்கு ஒரு சந்தேகமும் வந்துடக்கூடாது பாருங்க. எனக்கு என்ன வேணும்னு தெளிவா தெரியணும்.

அம்மா திரும்பிப் பார்த்தாங்க. தட்டைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு!

"தம்பி... நீயா வந்து பூஜைக்குச் சாமான் குடுக்கிறது இதான் முதல் தடவை."

"ஆமாம்மா. என் தொழிலுக்கு வேண்டியது."

"இன்சூரன்ஸுக்கு எதுக்குடா மாட்டுத்தலை?"

"ரிஸ்க் கணக்குப் போடம்மா."

அம்மா சந்தோஷத்துல கிண்ணத்தை எடுத்தாங்க. பன்னீர் விட்டுக் கெட்டியாக் குழைச்ச சந்தனம். ஒவ்வொரு டைஸுக்கும் ஒரு உருண்டை வச்சு, விரலால அழுத்தி, அதுக்கு நடுவுல குங்குமம் வச்சாங்க. மத்த சாமானுக்கெல்லாம் சும்மா ஒரு பொட்டு. பிள்ளை முதல் தடவை குடுத்ததுன்னு என் டைஸுக்கு மட்டும் தாராளம். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுடுச்சு. குணா செத்தான்னு நினைச்சேன்.

கற்பூரம் காட்டியாச்சு. விழுந்து கும்பிட்டாச்சு. சுண்டல் சாப்பிட்டாச்சு. நான் மேஜையில பச்சைக் கம்பளியை விரிச்சேன். அதான் எங்க புல்வெளி. அடியில ரெண்டு டிபன் கேரியர் மூடியைக் கவுத்து வச்சா மலை. மிச்சப் படையை எல்லாம் எடுத்து நிறுத்தினேன். தலைவனையும் டைஸையும் எடுக்கலாம்னு பூஜை அறைக்குள்ள கையை நீட்டினேன்.

"செல்வநாதன்!"

எங்க வீட்டுல நான் தம்பி. முழுப் பேரு வந்தா விஷயம் பெருசுன்னு அர்த்தம்.

"என்ன பண்ற?"

"சாமான் எடுக்கிறேம்மா. குணா வரப் போறான்."

"சாமிக்கு வச்சதை நாளைக்குக் காலையில பூஜை முடிச்சுத்தான் எடுக்கணும். இது தெரியாதா உனக்கு?"

தெரியும்தான்! சின்ன வயசுல இருந்தே தெரியும். ஆனா அப்ப வச்சது எல்லாம் கணக்குப் புத்தகம். அதைத் திருப்பி எடுக்கணும்னு எந்தப் பிள்ளையாவது நினைச்சிருக்குமா? இன்னைக்குப் படிக்க வேண்டாம்னு குதிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. திருப்பி வேணும்னு நினைக்கிற ஒரு சாமானை நான் சாமிக்கு வச்சது அதுதான் முதல் தடவை.

"அம்மா, அது பொம்மைதானேம்மா..."

"காலையில தொழில்னு சொன்ன?"

நீட்டின கையை இழுத்துக்கிட்டேன். அப்பா நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்னைப் பாவமாப் பார்த்தாரு. பேப்பர் இல்லாம அவரு பிஸ்கட் டின் மேல இருந்த எழுத்தைப் படிச்சுக்கிட்டு இருந்தாரு. அம்மா போற போக்குல டின்னையும் திருப்பி வச்சுட்டுப் போனாங்க.

கதவு தட்டுற சத்தம். குணா! ஃபெரி ஏறி வந்த வேர்வையோட, தோள்ல பெரிய பை, அதுல படை. கூடவே அம்மாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். விக்கிறவனுக்கு எதைக் குடுத்தா எங்க உள்ள போகலாம்னு தெரியும்.

"வாப்பா குணா! நல்ல பிள்ளை. பூஜைக்குப் பழம் கொண்டு வந்திருக்கான் பாரு"ன்னு அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாங்க.

குணா மேஜையைப் பார்த்தான். "எங்கடா தலைவன்?"

நான் பூஜை அறையைக் காட்டினேன். கும்பத்துக்குப் பக்கத்துல, குத்துவிளக்கு வெளிச்சத்துல, நெத்தியில குங்குமத்தோட எருமைத்தலையன் நின்னுக்கிட்டு இருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நாள் தள்ளிப் போடலாம்னு கெஞ்சினேன்.

குணா முகத்துல மெதுவா ஒரு சிரிப்பு வந்துச்சு. ஒரு ஓட்டை வண்டிக்கு ஆள் மாட்டினா வருமே, அந்தச் சிரிப்பு.

"மச்சி, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குல? தலைவன் மேஜைக்கு வரலைன்னா அந்தப் படை தோத்த மாதிரி. நான் சொல்லல, புத்தகம் சொல்லுது."

"அப்படி எல்லாம் ஒரு ரூலும் கிடையாது!"

"இருக்கு லா! இரு, காட்டுறேன்."

சொல்லிட்டு அவன் பையிலேர்ந்து அவனோட ரூல் புத்தகத்தை எடுத்தான். சத்தமா பக்கத்தைத் திருப்பினான்.

அந்தச் சத்தம் சமையலறைக்குக் கேட்டிருக்கணும். அம்மா வந்து நின்னாங்க.

"குணா, கையில என்ன?"

"புத்தகம் ஆன்ட்டி."

"இன்னைக்கா?"

அவ்வளவுதான். குணா கையிலேர்ந்து புத்தகம் போயிடுச்சு. ஜுருவுல எல்லாரையும் பேசியே மடக்குற குணா கெஞ்ச ஆரம்பிச்சான்!

"ஆன்ட்டி, ஒரே ஒரு பக்கம் மட்டும்..."

"உங்க வீட்டுல பூஜை இல்லையா? அம்மாவுக்குப் போன் போடட்டுமா?"

"வேணாம் ஆன்ட்டி!"

எனக்குச் சிரிப்பு தாங்கல. அங்கதான் தப்புப் பண்ணினேன். சிரிச்சுக்கிட்டே, "அம்மா, அவன் பையில டைஸும் இருக்கு"ன்னு போட்டுக் குடுத்தேன்.

"அது என்னது?"

"அதை உருட்டித்தான்மா சண்டை போடுறது."

"அப்ப ஆயுதம்தானே?"

குணாவோட டைஸ் ஒரு வெல்வெட் பையில இருந்துச்சு. அம்மா பையோட வாங்கி, பைக்கு மேல ஒரு சின்னப் பொட்டு வச்சு, உள்ள கொண்டு போயிட்டாங்க. பிள்ளை குடுத்தது இல்லையே, அதனால சின்னப் பொட்டுத்தான்.

குணா என்னை முறைச்சான். பழிக்குப் பழி வாங்கணும்ல? மேஜையைக் காட்டி, "ஆன்ட்டி, செல்வா படையைப் பாருங்க. எல்லார் கையிலயும் கத்தி இருக்கு"ன்னான்.

அம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க. கத்தி. ஈட்டி. வில்லு. கதாயுதம்.

"இவ்வளவு ஆயுதத்தையும் வெளிய வச்சுட்டா பூஜை பண்ணினோம்?"

"அவன் பையில கோடாரிம்மா! நூறு கோடாரி!"ன்னு நான் கத்தினேன்.

கொஞ்ச நேரத்துல மேஜையில பச்சைக் கம்பளி மட்டும்தான் இருந்துச்சு. ரெண்டு படையும் சாமி முன்னால! மலையா இருந்த டிபன் கேரியர் மூடியைச் சமையலுக்குத் தேடிக்கிட்டு இருந்திருக்காங்க, அதுவும் போயிடுச்சு.

படைங்க சும்மா போகல. அம்மா எங்க பொம்மைங்களை அடுக்கினாங்க. குணாவோட குள்ளருங்களைக் கையில எடுத்துத் தடவிப் பார்த்தாங்க.

"பாவம், எல்லாருக்கும் தாடி. முனிவருங்களா?"

குணா ஒரு நொடிகூட யோசிக்கல. "ஆமா ஆன்ட்டி. தவம் பண்றவங்க."

"கோடாரி எதுக்கு?"

"காட்டுல இருக்காங்கல்ல, விறகு வெட்ட."

அம்மா ஒவ்வொரு முனிவருக்கும் திருநீறு பூசி, சாமிக்கு வலது பக்கம் வரிசையா நிறுத்தினாங்க. அப்புறம் என் எருமைத்தலையனைத் திரும்பிப் பார்த்தாங்க. காலையில சந்தோஷத்துல சரியாப் பார்க்கல போல. கொம்பைப் பார்த்தாங்க. நான் உயிரைக் குடுத்து வரைஞ்ச சிவப்பு நரம்பைப் பார்த்தாங்க.

"இது மகிஷாசுரன்ல?"

"இல்லம்மா, அது வந்து..."

"எருமைத்தலை, மனுஷ உடம்பு. வேற யாரு?"

இதுக்குப் பதில் உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. நவராத்திரி முடியிற நாள்ல, சாமி அறையில, எருமைத்தலை அரக்கனைக் கொண்டு வச்சுட்டு, இவன் வேற எருமைத்தலைன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?

அம்மா அவனைத் தூக்கி அம்மன் படத்துக் காலடியில வச்சாங்க. சும்மா நிக்க வைக்கல. சாய்ச்சுப் படுக்கப் போட்டாங்க. சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே என் தலைவன் மல்லாந்துட்டான்.

"ஆன்ட்டி கண்ணுக்கு உண்மை தெரியுது பாரு"ன்னு குணா காதுல சொன்னான்.

சரி, நாளைக்கு வாடான்னு சொன்னேன். போக மாட்டேன்னுட்டான். "உன்னை நம்பி என் படையை விட்டுட்டுப் போக மாட்டேன் லா. நீ எதையாவது மாத்தி வைப்ப."

என்ன ஒரு அவமானம்! என்னைப் பார்த்து! டைஸுக்கு ஆறு மேல வச்சவனைப் பார்த்து!

அப்படியே ஹால்ல சோபாவுல படுத்துக்கிட்டான். மிச்சம் இருந்த சுண்டல், வடை எல்லாத்தையும் முடிச்சுட்டான். "நல்லா சாப்பிடுறான் பிள்ளை"ன்னு அம்மாவுக்குப் பெருமை வேற. நான் ரெண்டாவது வடை எடுத்தப்ப மட்டும், "எண்ணெய் ஆகாது"ன்னு தட்டு உள்ள போயிடுச்சு.

விடிஞ்சா விஜயதசமி. பூஜை முடிஞ்சதும் அம்மா வெளிய வந்தாங்க.

"எல்லாரும் அவங்கவங்க சாமானை எடுங்க. எடுத்த உடனே கொஞ்ச நேரமாவது வேலை செய்யணும். அப்பதான் வருஷம் பூரா நல்லா வரும்."

அப்பா பாய்ஞ்சு போய் முந்தின நாள் பேப்பரை எடுத்தாரு. அவ்வளவு வேகமா அவரு ஓடி நான் பார்த்ததே இல்ல. அம்மா டைப்ரைட்டர்ல ஒரு வரி அடிச்சாங்க. அப்புறம் எங்க பக்கம் திரும்பினாங்க.

"உங்க தொழிலை ஆரம்பிங்க."

"இப்பவாம்மா? பல்லு கூட விளக்கல."

"நல்ல நேரம் போயிடும். நான் பார்க்கணும்."

இப்படித்தான், மக்களே, என் மானப் போர் காலங்காத்தால, வெறும் வயித்துல, அம்மா மேற்பார்வையில ஆரம்பிச்சுச்சு. அம்மா ஒரு நாற்காலியைப் போட்டுக்கிட்டு மேஜை ஓரத்துல கையில கொப்பியோட உக்காந்துட்டாங்க. எதிர்ல குணாவோட மெரூன் முனிவருங்க, திருநீறு பூசிக்கிட்டு, பளபளன்னு. இந்தப் பக்கம் நெத்தியில குங்குமத்தோட என் மகிஷாசுரன்.

நான் டைஸைக் கையில எடுத்தேன். அப்பதான் கவனிச்சேன்.

ராத்திரி பூரா காய்ஞ்சு, சந்தனம் கல்லு மாதிரி ஆகிடுச்சு. ஒவ்வொரு டைஸ்லயும் ஆறு மேல ஒரு குட்டிக் குன்று. அந்தக் குன்றோட அது உருள்றதே சந்தேகம். சரி, யாரும் பார்க்காம நகத்தால சுரண்டிடலாம்னு...

"செல்வநாதன்! சாமி சந்தனத்தையா சுரண்டுற?"

"இல்லம்மா, சும்மா தொட்டுப் பார்த்தேன்."

"அப்படியே உருட்டு. அதுதான் ஆசீர்வாதம்."

குணாகிட்டத் திரும்பினேன். குரலை இறக்கி, "டேய், உன் டைஸைக் கொஞ்சம் குடுடா"ன்னேன்.

குணா வெல்வெட் பையைத் திறந்தான். பையிலதான் பொட்டு. உள்ள டைஸெல்லாம் அப்பத்தான் கடையில வாங்கின மாதிரி சுத்தமா இருந்துச்சு.

"மச்சி, மறந்துட்டியா? ஆளுக்கு அவங்கவங்க டைஸ். நீ போட்ட கண்டிஷன் லா. மீட்டரைத் திருப்பி வைக்கிறவன் டைஸை நீ எப்படி நம்புவ?"

நல்லாத் தெரியுமே எனக்கு. ஒட்டுக்கடையில நான் அதைச் சொன்னப்ப பக்கத்து மேஜைக்காரங்ககூடத் திரும்பிப் பார்த்தாங்க.

உருட்டினேன்.

ஒண்ணு, ஒண்ணு, மூணு, ஒண்ணு, ஒண்ணு.

என் வில்லாளிங்க அத்தனை பேரும் அம்பை எங்கேயோ விட்டுட்டு நின்னாங்க. பரவாயில்ல, ஆரம்பம்தானே? மறுபடி உருட்டினேன். ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. மேஜை மேல இருந்தது கம்பளி இல்லையா? சந்தனக் குன்று போய் அந்தக் கம்பளி முடியில கப்புன்னு மாட்டிக்குது. ஆறு அடியில போய்ப் பத்திரமா உக்காந்துக்குது. ஆறுக்கு நேர் எதிர்ல இருக்கிறது ஒண்ணுதான்னு டைஸ் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும்.

ஆனா சத்தியமா அப்ப எனக்கு இது புரியல. வெறும் வயித்துல ஒருத்தனுக்கு எவ்வளவுதான் புரியும்? வேகமா உருட்டினேன். மெதுவா உருட்டினேன். கையை ஊதிட்டு உருட்டினேன். சாமி படத்தைப் பார்த்துட்டு உருட்டினேன். அம்மாவுக்குப் பொறுக்கல.

"ஏன் தம்பி சின்னச் சின்ன நம்பராவே போடுற?"

"நானா போடுறேன்?"

"குணாவைப் பாரு, எவ்வளவு அழகாப் போடுறான்."

முனிவருங்க முன்னேறி வந்துக்கிட்டே இருந்தாங்க. விறகு வெட்டப் போறவங்க மாதிரியே இல்ல. என் படையில பாதி போயிடுச்சு. இனி வழி ஒண்ணுதான். தலைவனே நேர்ல போகணும். டேப்பை எடுத்து அளந்து, எருமைத்தலையனை அவங்க வரிசை நடுவுல கொண்டு மோத விட்டேன். ஒரே நேரத்துல அஞ்சு அடி அடிக்கிற ஆளு அவன். ஒரு டைஸ் நல்லா விழுந்தாப் போதும், வரிசை உடைஞ்சுடும். நான் தப்பிச்சுடுவேன்.

அஞ்சு டைஸையும் கையில வச்சுக் குலுக்கினேன். மூணு மாச உழைப்பு, கண்ணுல நரம்பு, கொம்புல கீறல். எல்லாத்தையும் நினைச்சுக்கிட்டு உருட்டினேன்.

ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு.

அஞ்சாவது டைஸ் ஓரமாச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. கம்பளியில மாட்டுச்சு. நின்னுச்சு.

ஒண்ணு!

குணா திருப்பி அடிச்சான். அடிச்ச ஆளு பெரிய வீரன்கூடக் கிடையாது. படைக்கு முன்னால மேளம் அடிச்சுக்கிட்டு வர்றவன். மெரூன் மேளக்காரன் ஒருத்தன், மெரூன் குச்சியால, என் மூணு மாசத்தை முடிச்சு வச்சுட்டான்.

"மகிஷாசுரன் தோக்கத்தானே வேணும்? இன்னைக்கு விஜயதசமி"ன்னு அம்மா திருப்தியா கொப்பியைக் குடிச்சு முடிச்சாங்க.

நான் அப்படியே தலையில கை வச்சு உக்காந்துட்டேன். சிரிக்காதீங்க, உங்க நரம்பா அது?

அப்பதான் பேப்பருக்குப் பின்னாலேர்ந்து அப்பா குரல் வந்துச்சு. ரெண்டு நாளா வாயைத் திறக்காத மனுஷன்.

"சந்தனம் இருக்கிற பக்கம்தானே கீழ போகுது?"

எல்லாரும் டைஸைப் பார்த்தோம்.

"எல்லா டைஸ்லயும் ஆறு மேலதானே சந்தனம் இருக்கு?"

மறுபடி பார்த்தோம். குணா ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆறெல்லாம் சொல்லி வச்ச மாதிரி மேல வந்து நின்னுச்சா? யாரு அடுக்கினது?"ன்னு அப்பா பேப்பரைத் திருப்பினாரு.

அம்மாவுக்குப் பெருமை. "தம்பிதான்! அவ்வளவு அழகா ஒரே மாதிரி அடுக்கி வச்சிருந்தான். அதனாலதான் நானும் கொஞ்சம் கூடுதலாவே வச்சேன்."

குணா என்னைப் பார்த்தான். சரஸ்வதிகிட்ட நான் என்ன கேட்டிருக்கேன்னு அவனுக்கு இப்பப் புரிஞ்சுடுச்சு. சோபாவுல விழுந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். அழுதுக்கிட்டே சிரிச்சான். தண்ணி குடிச்சுட்டு வந்து திரும்பவும் ஆரம்பிச்சான்.

"சாமிகிட்டயே மீட்டரைத் திருப்பப் பார்த்தியே, மச்சி! நான்கூட அது பண்ணினது இல்ல லா!"

எருமைத்தலையனைக் குடுத்தேன். பழைய பேப்பர்ல சுத்திக் குடுக்கலாம்னு பார்த்தா, அப்பா பேப்பரை விட மாட்டேன்னுட்டாரு. கைக்குட்டையில சுத்திக் குடுத்தேன். கைக்குட்டையும் போச்சு.

அம்மாகிட்ட ஒரு ஆறுதல் வார்த்தை எதிர்பார்த்தேன். "போகட்டும் தம்பி. அரக்கனை எல்லாம் வீட்டுல வச்சிருக்கக் கூடாது"ன்னாங்க. குணாவுக்கு ஒரு டப்பாவுல வடையும் போட்டுக் குடுத்தாங்க. எண்ணெய் அவனுக்கு ஆகும் போல.

இப்ப எருமைத்தலையன் ஜுருவுல, குணா மேஜை மேல. முதல் வாரமே ஒரு கஸ்டமர், நெத்தியில குங்குமத்தைப் பார்த்துட்டு, இது ஏதோ காவல் தெய்வம்னு நினைச்சு ஒரு பூவை வச்சுட்டுப் போயிருக்காரு. அப்புறம் புதுசா கார் எடுக்கிறவங்க எல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் சாவி வாங்குறாங்களாம். அந்த மாசம் விற்பனையில குணாதான் முதல். என் நரம்புக்கு அங்க தினமும் ஊதுபத்தி!

அடுத்த வருஷம் திரும்பவும் சரஸ்வதி பூஜை வந்துச்சு. மறுநாள் காலையில எருமைத்தலையனை மீட்க குணாவோட மறுபடி ஒரு போர். இந்தத் தடவை நான் விவரமான ஆளு. டைஸை எல்லாம் எடுத்து, ஒவ்வொண்ணாத் திருப்பி, ஒண்ணு மேல வர்ற மாதிரி அடுக்கித் தட்டுல வச்சேன். சந்தனம் ஒண்ணு மேல காயட்டும். நாளைக்கு விழுறது எல்லாம் ஆறுதான்!

அம்மா தட்டைப் பார்த்தாங்க. போன வருஷம் நடந்தது ஞாபகம் வந்துடுச்சு போல. என் தலையைத் தடவிக் குடுத்தாங்க.

"பாவம், போன தடவை சந்தனத்தால பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம்"னு சொல்லிட்டு, ஒவ்வொரு டைஸ் மேலயும் ஒரே ஒரு மல்லிகைப் பூவை மட்டும் வச்சாங்க.

காலையில பூ தானா உதிர்ந்துடுச்சு. டைஸ் சுத்தமா இருந்துச்சு. அந்தத் தடவை நேர்மையாவே தோத்தேன்.